அழுத்தித் தேய்த்த இடமும் தொடாமல் விட்ட இடமும்

41 வயதான வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

ஓராண்டுக்கு முன் எடுத்த ஒரு புகைப்படத்தில், தம் மேல்வரிசை இடது கோரைப்பல் மற்றப் பற்களைவிட நீண்டு தெரிவதை அவர் கவனித்திருக்கிறார். குளிர்ந்த நீர் பட்டால் அந்தப் பல்லும் அதை அடுத்த பல்லும் சுரீரென்று கூசுகின்றன. ஈறோரத்தில் நகத்தை வைத்து இழுத்தால் ஒரு பள்ளத்தில் நகம் தட்டி நிற்கிறது. அவருடைய தாயார் 55 வயதுக்குள் எல்லாப் பற்களையும் இழந்தவர். தமக்கும் அந்த நிலை வந்துவிடக் கூடாது என்ற பயத்தில், இருபது வயதிலிருந்தே கடினமான இழை கொண்ட பிரஷ்ஷால் நாளுக்கு மூன்று முறை அழுத்தித் தேய்த்து வந்திருக்கிறார். “புது பிரஷ் வாங்கினால் மூன்றாவது வாரத்திலேயே அதன் இழைகள் பூப்போல விரிந்துவிடும்” என்று அவரே எழுதுகிறார். இதற்கிடையில், கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தில் பிரஷ் பட்டால் ரத்தம் கசிவதால், புண்ணாகிவிடப் போகிறது என்று நான்கு மாதங்களாக அந்த இடத்தைத் தொடுவதையே விட்டுவிட்டார்.

ஒரு பல் மருத்துவர், முதலில் பற்காரையை எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்றிருக்கிறார். இன்னொருவர், மேலே இரண்டு பற்களுக்கும் கீழே இரண்டு பற்களுக்குமாக ஈறு ஒட்டு அறுவை சிகிச்சை தேவை என்று சொல்லி, எடுத்த அளவுகளைக் குறித்தும் கொடுத்திருக்கிறார். சுத்தம் செய்துகொண்டால் பற்கள் ஆட ஆரம்பித்துவிடும் என்று நெருங்கிய உறவினர் ஒருவர் பயமுறுத்த, வாசகி இரண்டையும் தள்ளிப்போட்டுவிட்டு, ஈறு மீண்டும் வளரும் என்ற விளம்பரத்தை நம்பி ஒரு ஜெல்லை ஆறு வாரங்களாகத் தடவி வருகிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பார்த்தபோது ரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்ததாகவும், அதன் பின் பரிசோதிக்கவில்லை என்றும் ஒரு வரியில் சொல்லிச் செல்கிறார். புகையிலைப் பழக்கம் இல்லை. 16 வயது மகளுக்குப் பல் கம்பி போடப்போகிறார்கள். அவளுக்கும் தம்மைப் போன்ற ஈறுதான், அவளுடைய பற்கள் என்னவாகும் என்பது கடைசிக் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது அந்த அளவுக் குறிப்பு. பெரும்பாலானோர் அதை வாங்கி மடித்து வைத்துவிடுவார்கள். நீங்கள் ஒரு எண் விடாமல் எடுத்து எழுதியிருக்கிறீர்கள். வாயைப் பார்க்காமல் கடிதத்தை மட்டும் வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது என்றாலும், அந்த எண்களையும் நீங்கள் சொல்லும் அறிகுறிகளையும் சேர்த்துப் படிக்கும்போது ஒன்று தெளிவாகவே தெரிகிறது. உங்கள் வாயில் ஈறு இறங்கியிருப்பது இரண்டு இடங்களில், இரண்டு வெவ்வேறு காரணங்களால். ஒரு காரணத்துக்கான மருந்து மற்றொன்றுக்கு நேர் எதிரானது. நீங்களோ, மென்மை தேவைப்பட்ட இடத்தில் பலத்தைக் காட்டி, பிரஷ் தேவைப்பட்ட இடத்தை விட்டுவிட்டீர்கள். இதில் உங்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ரத்தம் வந்தால் கையை எடுப்பதும் அழுக்கு என்று தோன்றினால் அழுத்தித் தேய்ப்பதும் எல்லோருக்கும் இயல்பாக வருவதுதான்.

எண்கள் சொல்வது என்ன

ஈறு ஆரோக்கியமாக இருக்கும்போது, அதன் விளிம்பு, பல்லின் கடினமான மேலுறையான எனாமல் முடிந்து வேர் தொடங்கும் கோட்டை ஒட்டியோ சற்று மூடியோ நிற்கும். அந்தக் கோட்டைவிட்டு விளிம்பு வேரின் பக்கம் நகர்ந்துவிட்டால் அதைத்தான் ஈறு இறக்கம் என்கிறோம். எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது என்பது முதல் எண். பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் ஒரு குறுகிய பிளவு உண்டு. மெல்லிய அளவுகோல் முனையை அதற்குள் மெதுவாக இறக்கி, ஒரு பல்லுக்கு ஆறு இடங்களில் ஆழம் பார்ப்போம். அது இரண்டாவது எண். ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் வரை இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. நான்கும் அதற்கு மேலும் இருந்து, தொட்டதும் ரத்தம் வந்தால், அது நோய்ப்பையாக மாறியிருக்கிறது என்று பொருள். இந்த இரண்டு எண்களையும் கூட்டினால்தான் அந்தப் பல் தன் பிடிமானத்தை எவ்வளவு இழந்திருக்கிறது என்பது தெரியும்.

இப்போது உங்கள் தாளுக்கு வருவோம். மேல் இடது கோரைப்பல்லில் இறக்கம் மூன்று, ஆழம் ஒன்று. ரத்தக் கசிவு இல்லை. கீழ் முன்பற்கள் இரண்டிலும் இறக்கம் ஒன்று, ஆழம் ஐந்து. ரத்தக் கசிவு உண்டு. கண்ணாடியில் உங்களை உறுத்துவது கோரைப்பல். ஆனால் கூட்டிப் பார்த்தால் அங்கே இழப்பு நான்கு மில்லிமீட்டர், கீழ்ப்பற்களில் ஆறு. மேலே உள்ள இறக்கம் சுத்தமான, வீக்கமற்ற, மெதுவாக நடக்கும் ஒன்று. கீழே, ஈறு வீங்கி நிற்பதால் இறக்கம் குறைவாகத் தெரிகிறது. அதன் மறைவில் எலும்பு கரைந்துகொண்டிருக்கக்கூடும். உங்கள் பயம் முழுவதும் மேல்வரிசையில் இருக்கிறது. என் கவலை கீழ்வரிசையில்தான்.

தேய்த்துத் தேய்ந்த கோரைப்பல்

கோரைப்பல் பல்வரிசையின் வளைவில் முன்னே துருத்தி நிற்பது. அதன் வேருக்கு மேலே இருக்கும் எலும்பு பலருக்குக் காகிதம் போல மெல்லியது. சிலருக்கு அந்த இடத்தில் எலும்பே பிளவுபட்டிருக்கும். ஈறு தன் உயரத்துக்கு அடியிலுள்ள எலும்பையே நம்பியிருக்கிறது. எலும்பு மெல்லியதாக, ஈறும் மெல்லியதாக அமைந்துவிட்ட இடத்தில், கடினமான பிரஷ் ஆண்டுக்கணக்கில் குறுக்காக அறுப்பதுபோல ஓடினால், விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கும். நீங்கள் வலது கைப் பழக்கம் உள்ளவர் என்று நினைக்கிறேன். வலக்கையால் துலக்குபவர்களின் இடது கோரைப்பல்லும் அதை அடுத்த பல்லும்தான் பெரும்பாலும் முதலில் அடிவாங்குகின்றன, ஏனென்றால் பிரஷ் அங்கேதான் நேராகவும் முழு பலத்தோடும் விழுகிறது. நகம் தட்டி நிற்பதாக நீங்கள் சொல்லும் பள்ளமும் இதன் தொடர்ச்சியே. எனாமல் பிரஷ்ஷுக்கு எளிதில் தேயாது. வேர்ப்பகுதி அதைவிட மிக மென்மையானது என்பதால், பிரஷ்ஷும் அதிலிருக்கும் பற்பசையின் உராய்வுத் துகள்களும் சேர்ந்து ஆப்பு வடிவில் அதைச் செதுக்கிவிடுகின்றன.

ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். எனக்கும் இடது கோரைப்பல்லில் இரண்டு மில்லிமீட்டர் இறக்கம் உண்டு. பல் மருத்துவம் படிக்கச் சேர்ந்த புதிதில், பாடப் புத்தகத்தில் நோய்ப் படங்களைப் பார்த்துப் பயந்துபோய், காலையும் மாலையும் பல்லை ஏறக்குறையப் பட்டை தீட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் ஆண்டில் என் வாயைச் சோதித்த ஆசிரியர், “பாத்திரம் துலக்குகிறாயா, பல் துலக்குகிறாயா?” என்று கேட்டார். அதற்குள் போனது போய்விட்டது. ஆனால் அதன் பிறகு இத்தனை ஆண்டுகளில் அது மேலும் இறங்கவில்லை.

கூச்சத்துக்குக் காரணம் எளிது. எனாமலுக்கு அடியிலுள்ள டென்டின் என்ற பகுதியில், பல்லின் நடுவில் நரம்பு இருக்கும் உட்கூழை நோக்கிச் செல்லும் எண்ணற்ற நுண்குழாய்கள் உள்ளன. வேரை மூடிய மெல்லிய உறை தேய்ந்து அக்குழாய்களின் வாய் திறந்துவிட்டால், குளிர்ச்சியோ காற்றோ பட்டதும் உள்ளிருக்கும் திரவம் அசைந்து நரம்பைத் தூண்டுகிறது. பொட்டாசியம் நைட்ரேட் அல்லது ஸ்டானஸ் ஃபுளோரைடு கலந்த கூச்சப் பற்பசைகள் இதற்கு உதவும். ஐந்து நாள் பயன்படுத்திவிட்டுப் பலனில்லை என்று நிறுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு முதல் நான்கு வாரங்கள், நாளுக்கு இரு வேளை தொடர்ந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

விட்டுவிட்ட கீழ்ப்பற்கள்

கீழ் முன்பற்களின் உட்புறத்துக்கு நேர் கீழே, நாக்கின் அடியில், உமிழ்நீர்ச் சுரப்பிகளின் குழாய் திறக்கிறது. அந்த உமிழ்நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து, பல்லில் படியும் கிருமிப் படலத்தைச் சில நாட்களிலேயே கல்லாக இறுக்கத் தொடங்கிவிடும். இதுவே பற்காரை. வாயில் காரை மிக விரைவாகக் கட்டும் இடங்களில் ஒன்றான அதை நான்கு மாதம் தொடாமல் விட்டிருக்கிறீர்கள். ரத்தம் வருவது நீங்கள் தேய்த்ததால் ஏற்பட்ட காயம் அல்ல. படலத்தோடு போராடி வீங்கிய ஈறு, லேசாகத் தொட்டாலே கசியும்.

1965இல் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் டென்மார்க்கில் ஒரு சோதனை செய்தார்கள். ஆரோக்கியமான ஈறுள்ள 12 பேர் பல் துலக்குவதை முற்றிலும் நிறுத்தினார்கள். பத்து முதல் இருபத்தொரு நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கிச் சிவந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சில நாட்களில் அது தணிந்தும் விட்டது. ஈறோடு நிற்கும் வீக்கம் இப்படித் திரும்பக்கூடியது. அது உள்ளே இறங்கி எலும்பைத் தொட்டுவிட்டால், நோயை நிறுத்தலாமே தவிர, போன எலும்பு பெரும்பாலும் போனதுதான். ஐந்து மில்லிமீட்டர் ஆழம் என்பது நீங்கள் அந்தக் கட்டத்துக்குள் நுழைந்துவிட்டதைக் காட்டுகிறது. எக்ஸ்ரே எடுத்தால் எவ்வளவு தூரம் என்பது தெரியும்.

துலக்கினாலும் இறங்குகிறது, துலக்காவிட்டாலும் இறங்குகிறது என்றால் என்னதான் செய்வது என்று நீங்கள் கேட்கலாம். அதே லோ பல ஆண்டுகள் இரண்டு குழுக்களைத் தொடர்ந்து பார்த்தார். ஒன்று, நல்ல பல் சிகிச்சை கிடைத்து ஒழுங்காகத் துலக்கிய நார்வே நாட்டினர். மற்றொன்று, வழக்கமான முறையில் துலக்கும் பழக்கமோ சிகிச்சையோ இல்லாத இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். நார்வேயில் 20 வயதிலேயே அறுபது சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கும், 50 வயதை எட்டியபோது தொண்ணூறு சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கும் எங்காவது ஒரு பல்லில் ஈறு இறங்கியிருந்தது. தோட்டத் தொழிலாளர்களில் 40 வயதுக்குள் இறக்கம் இல்லாதவர் ஒருவரும் இல்லை. ஆனால் இறங்கிய இடத்தைப் பாருங்கள்: இளம் வயது நார்வேக்காரர்களுக்கு அது கன்னத்தை நோக்கிய வெளிப்புறத்தில் மட்டும் இருந்தது. தொழிலாளர்களுக்கோ வெளிப்புறம், நாக்குப்புறம், பல்லிடைகள் என எல்லாப் பக்கமும் பரவியிருந்தது. உங்கள் மேல்வரிசை முதல் குழுவைச் சேர்ந்தது. கீழ்வரிசை இரண்டாவது குழுவைச் சேர்ந்தது. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான் இரண்டு மருத்துவர்கள் சொன்னதும் உங்களுக்கு முரண்பாடாகக் கேட்டிருக்கிறது.

சுத்தம் செய்தால் பல் ஆடுமா

உங்கள் உறவினர் பொய் சொல்லவில்லை. தாம் கண்டதைத்தான் சொல்கிறார். காரையை எடுத்தபின் சிலருக்குப் பல்லிடைகளில் சந்து தெரியும், பல் நீண்டதுபோல் இருக்கும், சில நாள் கூச்சமும் லேசான ஆட்டமும் இருக்கும். ஆனால் அந்தச் சந்து சுத்தம் செய்ததால் உண்டானதல்ல. எலும்பும் ஈறும் முன்பே விலகிய இடத்தைக் காரை அடைத்துக்கொண்டிருந்தது, வீக்கம் மறைத்துக்கொண்டிருந்தது. இரண்டும் போனதும் உண்மை நிலை வெளியே தெரிகிறது. பல பற்களைக் காரை ஒரு கட்டுப்போலப் பிணைத்து நிறுத்தியிருப்பதும் உண்டு. அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் உணரப்படுகிறது. வீக்கம் வடிந்து ஈறு இறுகும்போது ஆட்டம் பெரும்பாலும் குறையவே செய்யும். அந்தக் கட்டை அப்படியே விட்டுவைத்தால், அடியில் எலும்பு தொடர்ந்து கரையும்.

ஆகவே முதல் மருத்துவர் சொன்னதைத்தான் முதலில் செய்ய வேண்டும். உங்கள் விஷயத்தில் மேலோட்டமான சுத்தம் போதாமல், கீழ்ப்பற்களில் ஈறுக்கு அடியில் வேர்வரை சென்று சுத்தம் செய்ய நேரிடலாம். மரத்துப்போக ஊசி போட்டுச் செய்வார்கள். செய்தபின் ஈறு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மேலும் இறங்கியதுபோலத் தெரியும் என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது வீக்கம் வடிந்ததன் அடையாளம்.

கூடவே சர்க்கரையைப் பாருங்கள். கட்டுப்பாடில்லாத சர்க்கரை ஈறு நோயை வேகப்படுத்தும். ஆறாத ஈறு நோய் சர்க்கரைக் கட்டுப்பாட்டையும் கெடுக்கும். எல்லைக்கோடு என்று சொல்லி இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பல் மருத்துவரிடம் செல்வது நல்லது. உங்களுக்குப் புகையிலை இல்லை என்பது பெரிய நன்மை. இதைப் படிக்கும் புகைப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: புகை ஈறின் ரத்தக் கசிவைக் குறைத்து நோயை மறைத்துவிடும், ஆகவே ரத்தம் வரவில்லையே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

ஒட்டு அறுவை சிகிச்சை பற்றி

இரண்டாவது மருத்துவரின் ஆலோசனையைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். வரிசைதான் எனக்குச் சரியாகப் படவில்லை. அதோடு நான்கு பற்களையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

வேரை ஈறால் மீண்டும் மூட முடியுமா என்பதைத் தீர்மானிப்பது, பெருமளவில், அந்தப் பல்லின் இருபுறமும் உள்ள இடைவெளியில் எலும்பும் ஈறும் மிஞ்சியிருக்கின்றனவா என்பதுதான். கோரைப்பல்லில் அவை அப்படியே இருப்பதாகத் தாள் சொல்கிறது. அத்தகைய இடத்தில், மேலண்ணத்திலிருந்து ஈறின் உள்திசுவை எடுத்து வேரின்மேல் வைத்து, சுற்றியுள்ள ஈறை இழுத்து மூடித் தைத்தால், முழுவதும் மூடிவிடுவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. கீழ்ப்பற்களில் பல்லிடை எலும்பே குறைந்திருந்தால் முழு மூடலை எதிர்பார்க்க முடியாது. ஐந்து மில்லிமீட்டர் நோய்ப்பை இருக்கும்போது ஒட்டு வைப்பதைப் பற்றிப் பேசுவதற்கும் இது நேரமில்லை. சுத்தம் செய்து ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடியும் அளந்து பார்த்த பின் அந்தக் கேள்விக்கு வரலாம்.

கோரைப்பல்லுக்குக்கூட அவசரம் எதுவுமில்லை. இறக்கம் கூடிக்கொண்டே போவது, பற்பசைக்கு அடங்காத கூச்சம், சுத்தம் செய்ய முடியாத அளவுக்கு ஈறு மெலிந்திருப்பது, தோற்றம் உங்களை உண்மையிலேயே வருத்துவது ஆகியவை செய்துகொள்வதற்கான காரணங்கள். எதிர்ப்பக்கத்தில் வைக்க வேண்டியவை: அண்ணத்தில் திசு எடுத்த இடம் ஒன்றிரண்டு வாரங்கள் வலிக்கும், வீக்கமும் சிறு ரத்தக் கசிவும் வரலாம், தைத்த இடத்தில் குறைந்தது இரண்டு வாரம் பிரஷ் படக்கூடாது, ஓரளவே மூடி நின்றுவிடுவதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, தேய்க்கும் முறையை மாற்றாமல் ஒட்டு வைத்தால் புது ஈறையும் அதே பிரஷ் தின்றுவிடும். செய்யாமல் விடுவதென்றால் மறந்துவிடுவதல்ல. கவனிக்கப்படாத இறக்கம் நீண்ட காலத்தில் பெரும்பாலும் கொஞ்சம் கூடத்தான் செய்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே கோணத்தில் ஒரு புகைப்படம், அதே இடத்தில் ஒரு அளவு, இவை போதும்.

பள்ளத்தைச் சிமென்ட் வைத்து அடைத்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அடைக்கலாம், கூச்சமும் குறையும். ஆனால் பின்னாளில் ஒட்டு வைக்கும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும், எது முதலில், எவ்வளவு தூரம் அடைப்பது என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். ஈறு வந்து மூட வேண்டிய இடத்தில் நிரப்பியிருந்தால் அது இடைஞ்சலாகும்.

எந்த மருத்துவரிடம் சென்றாலும், அளவுத் தாளின் நகலும் எக்ஸ்ரேயும் கேட்டுப் பெறுவதும், மாற்று வழி என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பதும், வேறொருவரிடம் கருத்துக் கேட்பதும் உங்கள் உரிமை. அன்றைக்கே கையெழுத்திட வேண்டிய சிகிச்சை அல்ல இது. அப்படி யாராவது அவசரப்படுத்தினால், வீட்டில் யோசித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்துவிடுங்கள்.

ஜெல்லும் பிரஷ்ஷும்

ஈறு, நகத்தைப் போலவோ முடியைப் போலவோ வளர்வதில்லை. விளிம்பு இறங்கிய ஈறைத் தடவிய மருந்தால் மேலே கொண்டுவர முடியாது. ஆறு வாரத்தில் ஈறு சற்று மேலே வந்ததுபோல் இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பது, கீழ்ப்பற்களில் என்றால், வீக்கம் கூடியிருப்பதாகவும் இருக்கலாம். நிறுத்திவிடுங்கள்.

செய்ய வேண்டியது வேறு. மென்மையான இழை கொண்ட சிறிய தலை பிரஷ் ஒன்று வாங்குங்கள். அதைப் பேனா பிடிப்பதுபோல விரல்களால் பிடியுங்கள். உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்தால் தோளின் பலம் முழுவதும் ஈறில் இறங்கும். இழைகளைப் பல்லும் ஈறும் சேரும் கோட்டில் ஏறக்குறைய 45 பாகையில் சாய்த்து, இருந்த இடத்திலேயே மிகச் சிறிதாக அசைத்து, பிறகு ஈறிலிருந்து பல்லின் நுனியை நோக்கி உருட்டி எடுங்கள். கோரைப்பல்லில் அசைப்பதைக்கூட விட்டுவிட்டு உருட்டுவதை மட்டும் செய்யலாம். எவ்வளவு அழுத்தம் என்பதற்கு நான் சொல்லும் சோதனை இது: பிரஷ்ஷைக் கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்து, வழக்கமாக அழுத்துவதுபோல் அழுத்துங்கள். நகத்தடியின் சிவப்பு வெளுத்தால் அது அதிகம். நாளுக்கு மூன்று முறை தேவையில்லை. இரண்டு முறை, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம் போதும். அழுத்தினால் எச்சரிக்கும் வசதியுள்ள மின்சார பிரஷ் உங்களைப் போன்றவர்களுக்கு உண்மையிலேயே உதவும். மூன்று மாதத்துக்கு முன்பே இழை விரிந்தால் கை இன்னும் திருந்தவில்லை என்று கொள்ளுங்கள்.

கீழ் முன்பற்களின் உட்புறத்துக்கு பிரஷ்ஷைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் முனை இழைகளால் ஒவ்வொரு பல்லாகத் துலக்குங்கள். ரத்தம் வரும், வரட்டும். காரையை எடுத்த பிறகு தினமும் மென்மையாகத் துலக்கினால் ஓரிரு வாரங்களில் கசிவு குறையத் தொடங்கும். பல்லிடைகளுக்கு, சந்தின் அளவுக்கேற்ற பல்லிடை பிரஷ் அல்லது நூல். எந்த அளவு என்பதை மருத்துவரிடமே பொருத்திப் பார்த்துக் கேளுங்கள், தவறான அளவைத் திணித்தால் அதுவும் காயப்படுத்தும்.

வெண்மையாக்கும் கரித்தூள், கரகரப்பான பற்பொடி இரண்டையும் விலக்குங்கள். 1000 முதல் 1500 பி.பி.எம். வரை ஃபுளோரைடு உள்ள பற்பசையால் துலக்கி, நுரையைத் துப்பிவிட்டு வாயை நிறைய நீரால் கொப்பளிக்காமல் விடுங்கள். வெளியே தெரியும் வேருக்குச் சொத்தை எளிதில் வரும். அமிலத்தை அளக்கும் பி.எச். எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள். எனாமல் கரைய அந்த எண் 5.5 வரை இறங்க வேண்டும் என்றால், வேர் 6.2 முதல் 6.7 வரையிலேயே கரையத் தொடங்கிவிடும். புளிப்பான பானம் குடித்த உடனே துலக்காமல் அரை மணி நேரமாவது பொறுக்கச் சொல்வதும் இதனால்தான்.

சீழ் வடிதல், ஒரு பல் புதிதாக ஆடுதல், திடீர் வீக்கம், ஓரிரு மாதங்களில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இறங்குதல் ஆகியவற்றில் எது வந்தாலும் குறித்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

தாயும் மகளும்

ஈறு நோய்க்கு ஆளாகும் தன்மையில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஈறு மெல்லியதா தடித்ததா என்பதும் பெற்றோரிடமிருந்து வருவதே. உங்கள் தாயார் பற்களை இழந்தது அநேகமாகக் கீழ்ப்பற்களில் உங்களுக்கு இப்போது தொடங்கியிருக்கும் நோயால். அவருக்கு அதை யாரும் அளந்து சொல்லியிருக்கமாட்டார்கள். உங்களிடம் 41 வயதிலேயே அந்தத் தாள் இருக்கிறது.

மகளுக்குக் கம்பி போடுவதைத் தடுக்க வேண்டாம். கம்பி தானாக ஈறை இறக்காது. மெல்லிய எலும்பு உள்ள இடத்தில் பல்லை வெளிப்புறமாகத் தள்ளினால்தான், அதுவும் முக்கியமாகக் கீழ் முன்பற்களில், ஆபத்து கூடுகிறது. ஆகவே தொடங்கும் முன் கம்பி போடும் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். கீழ் முன்பற்கள் எந்தப் பக்கம், எவ்வளவு நகரப்போகின்றன? அங்கே ஈறு மெல்லியதா என்று பார்த்தீர்களா? அளவுகோல் முனையை ஈறுக்குள் வைக்கும்போது அதன் நிழல் வெளியே தெரிந்தால் மெல்லிய ஈறு என்று கொள்வோம். ஒரு நிமிட வேலை. அப்படி இருந்தால் ஒட்டு வைத்து முன்பே ஈறைத் தடிப்பாக்க வேண்டுமா, அல்லது நகர்த்தும் திட்டத்தை மாற்றினால் போதுமா?

சிகிச்சை முடிந்ததும் பற்களின் பின்னால் ஒட்டும் மெல்லிய கம்பியையும் ஆண்டுக்கு ஒருமுறை காட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். அது வளைந்தோ விட்டோ போனால் பல்லைச் சத்தமில்லாமல் திருப்பிவிடும். கம்பி போடும் நாளன்று, அவள் கீழ் முன்பற்களை ஈறு நன்றாகத் தெரியும்படி ஒரு புகைப்படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு கழித்து, இறங்கியிருக்கிறதா இல்லையா என்று யாரும் நினைவிலிருந்து வாதாட வேண்டியிராது.